அம்பாசடரில் ஆயில் அழுத்தம் குறைந்தபோது, கிராங்க்கைக் கழற்றுமுன் பார்த்தவை

1986ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் டாஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கும். ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்தால் அணைந்துவிடும். அந்தக் கோளாறு எஞ்சினை இறக்காமலும் கிராங்க்கைத் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) தொடாமலும் இப்போது நீங்கியிருக்கிறது. இதே எஞ்சினை வைத்துக்கொண்டு, பட்டறையில் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்து நிற்பவர்கள் மதுரைப் பக்கம் இன்னும் பலர் இருப்பதால், செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி திருமங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நெடுநாள் ஓடாமல் நின்றிருந்தது. மீண்டும் ஓடத் தொடங்கியபோது உள்ளூரில் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. மே மாத வெயிலில் உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போய், ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டாவது கியரில் ஏறி இறங்கி, ஆண்டிபட்டி ஊருக்குள் நெரிசலில் நின்றபோதுதான் விளக்கு முதன்முதலாக எரிந்தது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது.

ஊர் திரும்பியதும் காட்டிய பட்டறையில் போனட்டைத் திறக்குமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது. “கிராங்க் கிரைண்டிங் போடணும்ணே, பேரிங், பம்ப் எல்லாம் சேத்து நாப்பத்தஞ்சாயிரம் ஆகும், வண்டிய விட்டுட்டுப் போங்க.” இன்னொரு பட்டறையிலும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள், தொகை மட்டும் கொஞ்சம் குறைந்தது. கிராங்க்கைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அழுத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை இருவருமே அளக்கவில்லை. ஆயில் விளக்கின் சுவிட்ச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 பவுண்டு அழுத்தத்துக்குக் கீழே போனால் மட்டுமே விளக்கைப் போடும். அதற்கு மேல் 8 இருக்கிறதா 40 இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

அளப்பதற்கு முன் எல்லோரும் செய்வதையே நானும் செய்து பார்த்தேன். அதுவரை ஊற்றிவந்த 20டபிள்யூ-40 ஆயிலை வடித்துவிட்டு, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினேன். விளக்கு மினுக்குவது குறைந்தது. ஆனால் மதியம் ஒரு மணிக்குப் பெரியார் பேருந்து நிலையப் பக்கம் ஊர்ந்து போனால் மறுபடியும் வந்தது. கெட்டியான ஆயில் விளக்கை அணைத்ததே தவிர, கோளாற்றை அது தொடவே இல்லை. ஆயில் வாங்கிய 1,700 ரூபாயில் முதலில் ஒரு அழுத்த மீட்டர் வாங்கியிருந்தால் வேலை அப்போதே தொடங்கியிருக்கும்.

ஆயிலை வடித்தபோது கிடைத்த ஒரு தகவல் மட்டும் பயன்பட்டது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே டிரெயின் பிளக்கைக் கழற்றி, நீளவாக்கில் அறுத்த தண்ணீர் கேனில் பிடித்து, மறுநாள் வெயிலில் வைத்து, மேலாகத் தெளிந்ததை மெதுவாகச் சரித்துவிட்டு, அடியில் தங்கியதை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தேன். பேரிங் அரைபட்டிருந்தால் வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மினுமினுப்பு தெரியும். துணியில் இருந்தது கருப்புச் சேறு மட்டும். விரலால் தேய்த்தால் மை போல ஒட்டியது, நறநறப்பு இல்லை. கிராங்க்கை ஒத்திப்போடலாம் என்ற துணிச்சல் அதைப் பார்த்த பிறகுதான் வந்தது.

மீட்டர் வடக்கு வெளி வீதியில் கிடைத்தது. முள் நகரும் சாதாரண மெக்கானிக்கல் மீட்டர், 0 முதல் 100 பவுண்டு வரை, செம்புக் குழாயுடன் 950 ரூபாய். மின்சார மீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். நாற்பது வயது வயரிங்கை நம்பி இன்னொரு அளவை எடுப்பதில் பொருள் இல்லை. எஞ்சின் பிளாக்கில் வலப்புறம் பின்பக்கம் இருக்கும் அழுத்தத் துளைக்கும் மீட்டர் குழாய்க்கும் மரை பொருந்தவில்லை. புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்காரர் பித்தளையில் ஆங்கில ‘T’ எழுத்து வடிவத்தில் ஒரு இணைப்பைக் கடைந்து கொடுத்தார். பழைய சுவிட்ச் ஒரு பக்கமும் மீட்டர் மறுபக்கமும் மாட்டிக்கொள்ளலாம். கூலி 350 ரூபாய். மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். நுனியில் பிய்ந்த துணுக்கு ஆயில் பாதைக்குள் போனால் அது எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செம்புக் குழாயை நேராக இழுத்து மாட்டாமல், நடுவே இரண்டு சுற்றுச் சுருட்டி விட்டேன். இல்லையென்றால் எஞ்சின் ஆடும் ஆட்டத்தில் குழாய் கழுத்தில் முறிந்து, ஓடும்போதே ஆயில் முழுவதும் வெளியே போய்விடும்.

மீட்டர் காட்டியது இது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 38 பவுண்டு. திருமங்கலத்திலிருந்து ரிங் ரோடு வரை ஓட்டி நன்றாகச் சூடேறிய பின், 60 கி.மீ. வேகத்தில் 26. நின்று ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) 7. கெட்டி ஆயிலோடு இந்த நிலை.

குளிர்ந்த எஞ்சினில் 38 மட்டுமே வந்ததுதான் எனக்கு உறுத்தியது. பேரிங் தேய்ந்த எஞ்சினில்கூட, ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அழுத்தம் நன்றாக ஏறி, சூடேறிய பிறகுதான் சரியும். இங்கே காலையிலேயே ஏறவில்லை. பம்ப் அனுப்பும் ஆயில் பேரிங்குக்குப் போகுமுன் வேறு வழியாகச் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) திரும்பிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அந்த வேறு வழி, அழுத்தம் மிஞ்சும்போது மட்டும் திறக்க வேண்டிய ரிலீஃப் வால்வு.

இந்த 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து ‘பி சீரிஸ்’ வகையைச் சேர்ந்தது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சின்தான் இருந்தது. அம்பாசடர் தயாரிப்பு உத்தர்பாராவில் 2014இல் நின்றுபோனாலும், அந்த ஆங்கிலேய வண்டிகளுக்கான பழைய பழுதுபார்ப்புக் கையேடுகளில் உள்ள படங்கள் நமக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நட்டும் போல்ட்டும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை ஓங்கி மாட்டினால் இரண்டாவது தடவையே முனை மழுங்கிவிடும். என் வண்டியில் முன்னவர்கள் கைபட்ட நட்டுகளில் பாதி அப்படித்தான் இருந்தன. அங்குல ரிங் ஸ்பேனர் செட் ஒன்று 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். செலவுக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை, கருவி என்றைக்கும் கையில் இருக்கும்.

வேலை நடந்தது கப்பலூரில் ஒரு நண்பரின் லாரி ஷெட்டில். அங்கே வண்டியை மேலே நிறுத்திவிட்டு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பள்ளம் இருக்கிறது. ஜாக்கி போட்டுச் செங்கல் அடுக்கி வண்டிக்கு அடியில் புகுவதை நான் செய்வதில்லை.

ரிலீஃப் வால்வுக்குப் போகுமுன் ஃபில்டரைக் கழற்றினேன், அது கைக்கு எட்டுவது. எஞ்சினின் வலப்புறம் தொங்கும் கிண்ணம், நடுவே ஒரு நீளமான போல்ட்டு. கிண்ணத்தை இறக்கியதும் உள்ளே ஃபில்டர் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, அதிகம் அழுக்கு இல்லை. அழுக்கு ஏன் இல்லை என்பது அடியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது தெரிந்தது. போல்ட்டில் கீழிருந்து மேலாக ஸ்பிரிங், இரும்பு வாஷர், அதன் மேல் சிறிய ஃபெல்ட் வாஷர், அதற்கு மேல் ஃபில்டரைத் தாங்கும் தட்டு என்று இருக்க வேண்டும். என்னுடையதில் ஃபெல்ட் வாஷர் இல்லை. எப்போதோ ஃபில்டர் மாற்றியவர் பழைய ஆயிலோடு அதையும் கொட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தட்டின் நடுத் துளை வழியாக ஆயில் வடிகட்டப்படாமலேயே உள்ளே போகும். ஃபில்டர் மாதா மாதம் மாற்றினாலும் பயன் இல்லை. எஞ்சினுக்குள் இவ்வளவு சேறு எப்படிச் சேர்ந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் காலி இடத்தில் இருந்தது.

மறுபாதி கிண்ணத்தின் வாயில். கிண்ணம் பொருந்தும் தலைப்பகுதியில் ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் ரப்பர் வளையம் உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்தபோது பள்ளம் ஆழம் குறைவாகத் தெரிந்தது. சாக்குத் தைக்கும் கோணி ஊசியை உள்ளே விட்டு நெம்பினேன். மேலே இருந்த வளையம் வளைந்து வந்தது. அதன் அடியில், இரும்போடு இரும்பாக ஒட்டிப்போய், இன்னொரு வளையம். அது ரப்பராக இல்லை. கருங்கல் சில்லு மாதிரி ஒடிந்து ஒடிந்து துண்டுகளாக வந்தது. ஒவ்வொரு துண்டையும் துணியில் சேர்த்து, வட்டம் முழுமையாகிறதா என்று பொருத்திப் பார்த்த பிறகே புது வளையத்தை வைத்தேன். இரண்டு வளையம் இருந்தால் கிண்ணம் கோணலாக உட்கார்ந்து கசியும். கசிவதைப் பார்த்து போல்ட்டை இன்னும் முறுக்குவார்கள். கிண்ணத்தின் அடி உள்வாங்கும். என் கிண்ணத்தின் அடி அப்படித்தான் சற்று உள்வாங்கியிருந்தது. பந்துமுனைச் சுத்தியலால் உள்ளிருந்து மெதுவாகத் தட்டி நேராக்கினேன்.

ஃபெல்ட் வாஷர் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய உதிரிபாகக் கடைப் பெரியவர், “அது தனியா வராது தம்பி, ஃபில்டர் டப்பாவுக்குள்ள இருக்கும், பாதிப் பேரு அதப் பேக்கிங்னு நெனச்சுத் தூக்கிப் போட்ருவாங்க” என்று சொல்லி, தூசி படிந்த ஒரு பழைய டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஃபில்டர், வளையம், ஃபெல்ட் வாஷர் மூன்றும் இருந்தன. 280 ரூபாய். இன்னும் இரண்டு டப்பா வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது ரிலீஃப் வால்வு. இது எஞ்சினின் இடப்புறம், பின்கோடியில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கிறது. வெளியே தெரிவது குமிழ் போன்ற ஒரு அறுகோண நட்டு. எஞ்சின் ஆறிய பிறகே இதைத் தொட வேண்டும். நட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் தானாக வந்துவிடும், வால்வு வராது. வால்வு என்பது விரல் நுனி அளவுள்ள ஒரு இரும்புக் குப்பி, அதன் முனை உள்ளே ஒரு வட்ட இருக்கையில் அமர்ந்து வழியை மூடுகிறது. ஆயில் அழுத்தம் மிஞ்சும்போது ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு விலகி, மிச்சத்தைச் சம்ப்புக்கு விடுகிறது. என்னுடையது வரவில்லை. காந்தத்தை விட்டு இழுத்தும் அசையவில்லை. குப்பியின் உட்குழிவுக்குச் சரியாக ஒரு மரக்குச்சியைச் சீவி, இறுக்கமாக நுழைத்து, இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இழுத்தபோது வந்தது.

முனையில் ஒரு பக்கம் பிறை வடிவில் தேய்ந்திருந்தது, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இருக்கையில் அதே இடத்தில், பச்சரிசிக் குருணை அளவுக்குக் கெட்டியான கரி ஒன்று அப்பியிருந்தது. அந்தக் கரியால் வால்வு எந்நேரமும் ஒரு முடி அளவுக்குத் திறந்தே இருந்திருக்கிறது. காலையிலும் மாலையிலும், ஐடிலிலும் ஓட்டத்திலும் ஆயில் அந்த இடுக்கு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்ததால்தான் மீட்டர் எந்த நிலையிலும் ஏறவில்லை.

ஷெட்டில் இருந்த மூத்த மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் போட்டுவிட்டால் அழுத்தம் ஏறும் என்றார். இந்த வைத்தியம் பல இடங்களில் நடக்கிறது. ஸ்பிரிங்கை இறுக்கினால், வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பது மட்டுமே மாறும். ஐடிலில் வால்வு மூடியே இருக்க வேண்டியது. அங்கே வாஷருக்கு வேலையே இல்லை. “அப்ப அந்தக் கரிய எடுத்தா மட்டும் போதும்ங்கிறியா?” என்றார். “எடுத்துட்டு முனையத் தேச்சு ஒக்கார வச்சுப் பாப்போம்ணே, ஆகலேன்னா கிராங்க் எங்க போகப் போகுது” என்றேன். பழைய ஸ்பிரிங்கைப் புதிய ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்தியபோது பழையது ஏறக்குறைய 2 மி.மீ. குட்டையாக இருந்தது, அதை மாற்றினேன். வால்வும் ஸ்பிரிங்கும் சேர்த்து 220 ரூபாய்.

இருக்கையை மாற்ற முடியாது, அது பிளாக்கோடு சேர்ந்தது. கரியை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன், ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடவில்லை. பிறகு பழைய வால்வின் முனையில் மெல்லிய வால்வு கிரைண்டிங் பேஸ்டைக் கடுகளவு தடவி, அதே மரக்குச்சியால் இருக்கையில் வைத்து இரு கைக்கும் நடுவே உருட்டினேன். தயிர் கடைவது போன்ற அந்த அசைவுக்கு மேல் எந்த அழுத்தமும் வேண்டாம். அவ்வப்போது துடைத்துப் பார்க்க, இருக்கை முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் விழுந்ததும் நிறுத்திக்கொண்டேன். தேய்ப்பதற்குப் பழைய வால்வு, மாட்டுவதற்குப் புதியது. பேஸ்டைத் துடைப்பதில்தான் நேரம் செலவழிய வேண்டும். அது அரைப்பதற்கென்றே செய்த பொருள், ஒரு துளி பேரிங்குக்குப் போனால் இத்தனை நாள் காப்பாற்றிய கிராங்க் கெட்டுவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த, நூல் பிரியாத துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பி வரும் வரை மாற்றி மாற்றித் துடைத்தேன். புதிய வால்வின் முனையில் நீல மை தொட்டு வைத்து எடுத்தபோது வளையம் அறுபடாமல் பதிந்தது. குமிழ் நட்டுக்கு இரண்டு புதிய செம்பு வாஷர்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அழுத்தம் சரியாகியிருக்கும்; கசிவு நின்றிருக்காது. இந்த எஞ்சின் எல்லா மூட்டிலும் வியர்த்துக்கொண்டே இருந்தது, கார்க் கேஸ்கட்டை மாற்றியும் நிற்கவில்லை. காரணம் பிரீதர் குழாயில் கிடைத்தது. எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள டேப்பட் அறையின் முன்பக்க மூடியிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் குழாய் அது; எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் அதன் வழியாக வெளியேற வேண்டும். கீழ்முனையில் கம்பியை விட்டால் சிறிது தூரத்தில் முட்டி நின்றது. தட்டியதும் காய்ந்த செம்மண் உதிர்ந்தது. வண்டி கொட்டகையில் நின்ற காலத்தில் குளவி ஒன்று உள்ளே அறை அறையாகக் கூடு கட்டியிருக்கிறது. மண் அறைக்குள் காய்ந்துபோன சிலந்திகள் அப்படியே இருந்தன. பின்னர் எஞ்சின் ஓடியபோது ஆயில் ஆவி அந்த மண்ணில் ஊறிச் சுட்டு, செங்கல்லாகவே ஆக்கிவிட்டது. குழாயைக் கழற்றி, ஓர் இரவு டீசலில் ஊறவைத்து, பழைய கிளட்ச் கேபிளின் உள்கம்பியால் குத்தி எடுத்தேன். செலவு ஒன்றும் இல்லை. எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாயும் உள்ளே பிசுபிசுத்து ஒட்டியிருந்தது. ஒரு மீட்டர் நீளம் 120 ரூபாய் என்ற விலையில் ஆயில் தாங்கும் குழாய் வாங்கி மாற்றினேன்.

மூடிகளுக்குப் புதிய கார்க் வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். டேப்பட் மூடிக்கு நடுவில் ஒரே ஒரு போல்ட்டு. ராக்கர் கவருக்கு மேலே இரண்டு நட்டு. இவற்றை இறுக்க இறுக்கத் தகடு வளைந்து ஓரம் தூக்கும், கசிவு கூடும். வளைந்த ஓரங்களைக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்து, மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நேராக்கிய பின், விரலால் முறுக்கி அதற்கு மேல் அரைச் சுற்று மட்டும் கொடுத்தேன். சிலிகான் பசையை நான் பயன்படுத்தவில்லை. பிதுங்கி உள்பக்கம் தொங்கும் பசை ஒருநாள் அறுந்து சம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டும்.

எஞ்சினைக் கழுவுவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவிடும் வழக்கத்தையும் தவிர்த்தேன். பல வருடச் சேறு ஒரே நேரத்தில் பெயர்ந்தால், அது போய்ச் சேரும் இடமும் அதே சல்லடைதான். விலை குறைந்த 20டபிள்யூ-40 மினரல் ஆயில் 4 லிட்டர், 1,300 ரூபாய்க்கு வாங்கி, 500 கி.மீ. ஓட்டி வடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆயில் ஊற்றியதும் நேரே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஃபில்டர் கிண்ணம் முதல் பம்ப் வரை காற்றுத்தான் இருக்கும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, காயிலின் வயரையும் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து வினாடியாக இடைவெளி விட்டுச் சுற்றினேன். முள் நீண்ட நேரம் அசையவில்லை. பிறகு ஒரு துள்ளலில் 20ஐத் தொட்டது. அதன் பிறகே பிளக்கை மாட்டினேன்.

இப்போது, சாதாரண 20டபிள்யூ-40 ஆயிலில், காலையில் 55. சூடேறி 60 கி.மீ. வேகத்தில் 44, ஐடிலில் 16. கணவாயில் ஏறி ஆண்டிபட்டியில் நின்றபோது 14க்குக் கீழே போகவில்லை. 500 கி.மீ.க்குப் பிறகு வடித்த ஆயில் தார் போலக் கருத்திருந்தது. ஃபில்டரை அறுத்து விரித்தால், மடிப்புகளுக்குள் கருஞ்சேறு நிறைந்திருந்தது; அதாவது ஃபில்டர் இப்போதுதான் வேலை செய்கிறது. அடுத்த ஃபில்டரும் ஆயிலும் மாற்றியாயிற்று, இனி 3,000 கி.மீ.க்கு ஒருமுறை. வடித்த ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு ஆட்கள் வருவார்கள். நான் ஷெட்டில் உள்ள டிரம்மில் சேர்த்துவிட்டேன், லாரி ஆயிலோடு சேர்த்து மறுசுழற்சிக்கு எடுப்பவர் வந்து கொண்டுபோகிறார்.

கெட்டி ஆயில் வாங்கிய 1,700ஐ விட்டுவிட்டுப் பார்த்தால், மீட்டர், லேத் கூலி, மூன்று ஃபில்டர், வால்வு, கார்க், வாஷர்கள், ரப்பர் குழாய், இரண்டு தடவை ஆயில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5,800 ரூபாய்.

கிளட்ச் ஹவுசிங் அடியில் இருந்து சொட்டுவது மட்டும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்க்கின் பின்முனைக்கு ஆயில் சீல் கிடையாது. எதிர்மரை போன்ற ஒரு வெட்டுத்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. ஓரளவு சொட்டுவது அதன் இயல்பு. ஹவுசிங் அடியிலுள்ள துளையில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். துளை அடைபடாமல் இருக்கவே அது ஆடிக்கொண்டிருக்கிறது. சொட்டை நிறுத்துவதாக நினைத்து அந்தத் துளையை அடைத்தால், ஆயில் உள்ளே தேங்கிக் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

சம்ப்பை நான் இன்னும் இறக்கவில்லை. பம்பின் தேய்மானத்தையும் சல்லடையையும் பார்க்க வேண்டும் என்றால் அதைச் செய்தாக வேண்டும். ஐடில் அழுத்தம் 10க்குக் கீழே வந்தால் அந்த வேலை. அதற்குள் சம்ப் கேஸ்கட் செட்டும், முன்பின் மூலைகளுக்கான கார்க் துண்டுகளும் சேகரித்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பதில்லை. ஆயில் விளக்கின் சுவிட்சையும் அப்போது மாற்றுவேன். மீட்டர் 7 காட்டும்போதே அது சில சமயம் எரிந்தது.